வெளிச்சத்துக்குச் சலாம் இல்லை

தந்தூரிலிருந்து இப்போதுதான் எடுத்த ரொட்டி. சூடு ஆறவில்லை. அதன் மேல் கை வைத்துச் சொல்கிறேன், கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. ரொட்டி மேல் கை வைத்துப் பொய் சொன்னவனுக்கு என்ன ஆகும் என்பது ஃபெர்கானாப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்து ஊரில் அப்படிச் சொன்ன ஒருவனுக்கு வாய் கோணிக் கோணி இடது காதுக்கு அருகில் போய் நின்றுவிட்டது. மிச்ச நாளெல்லாம் தேநீர்க் கிண்ணத்தைத் தோளுக்கு மேலே தூக்கித்தான் குடித்தான். அந்தக் கதி எனக்கு வேண்டாம்.

கோக்தெரெக் என்பது ஒரு கால்வாயும், அதன் கரையில் ஒரு சாலையும், சாலையோரம் முசுக்கட்டை மரங்களும், மரங்களுக்குப் பின்னால் வெள்ளரிக் குடில்களும். ஊர் என்று தனியாக எதுவும் இல்லை. இவற்றின் இடுக்கில் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே மனிதர்கள் வீடு கட்டிக்கொண்டார்கள். குளிர்காலத்தில் பாலித்தீன் போர்த்திய குடில்களுக்குள் நிலக்கரி அடுப்பு எரிய வேண்டும். அடுப்பு அணைந்தால் வெள்ளரிக்கொடி விடிவதற்குள் வேகவைத்த கீரைபோலத் தொங்கிவிடும். அதனால் ஊர் ஆண்கள் எல்லோரும் வெளுக்கும் முன்பே எழுந்து, பஞ்சு வைத்த அங்கியைப் போர்த்திக்கொண்டு, கரிமூட்டையைக் கேரியரில் கட்டி, சைக்கிளில் கால்வாய்க்கரைச் சாலையில் போவார்கள். மேற்கே வீடு இருப்பவனுக்குக் கிழக்கே குடில், கிழக்கே வீடு இருப்பவனுக்கு மேற்கே குடில். நிலம் பிரித்துக் கொடுத்தவர்களுக்கு யார் மேல் என்ன கோபமோ தெரியவில்லை. ஆக, தினமும் இருட்டில் ஊர் முழுவதும் ஊர் முழுவதையும் எதிர்கொண்டது.

எதிரே வந்தால் சலாம் சொல்லாமல் போகக்கூடாது. இளையவன் முதலில் சொல்ல வேண்டும், ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து நெஞ்சில் வைத்து. மூத்தவர் பதில் சொல்வார். பிறகு உடம்பு எப்படி, வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, மாடு எப்படி. சைக்கிள் நிற்காது. உடம்பையும் வீட்டையும் எதிரெதிரே வரும்போது விசாரித்து முடித்துவிடலாம். பிள்ளைகள் தோளோடு தோள் உரசும்போது. மாடு பற்றிய கேள்வி எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான் கேட்கும்.

இருட்டில் யார் மூத்தவர், யார் இளையவர் என்று எப்படித் தெரியும் என்றால், சத்தத்தில் தெரியும். ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு முனகல் உண்டு. எர்காஷலியின் பின்சக்கர மட்கார்டு கடகடக்கும். எங்கள் ஊர்ப்பகுதியான மஹல்லாவுக்குத் தலைவர் மாதுமார் வருகிறார் என்றால் சைக்கிளுக்கு முன்னால் அவருடைய இருமல் வரும். டைனமோ விளக்குகள் முட்டை மஞ்சள்கரு மாதிரி மினுங்கிக்கொண்டு, சாலையைக் காட்டாமல், சாலை ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் ஞாபகப்படுத்தும். அது போதுமாக இருந்தது.

அப்புறம் தாஜிவாய் புது விளக்கு கொண்டுவந்தான்.

தாஜிவாய்க்குச் சந்தையில் சைக்கிள் சாமான் கடை. ஒரு இலையுதிர்காலத்தில் எங்கிருந்தோ ஒரு பெட்டி நிறைய வெள்ளை விளக்குகள் வந்து இறங்கின. உள்ளங்கைக்குள் அடங்கும், பேட்டரியில் ஓடும். முதல் விளக்கைத் தன் சைக்கிளிலேயே மாட்டிக்கொண்டு கால்வாய்க்கரையில் வந்தான். அன்றைக்கு எதிரே வந்தவர்களில் பாதிப் பேர் முசுக்கட்டை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். மீதிப் பேர் மறுநாள் கடைக்குப் போய் அதே மாதிரி ஒன்று வாங்கினார்கள். எதிராளியின் விளக்கில் தனக்குக் கண் தெரியவில்லை என்று வாங்கினார்கள். வாங்கிய பிறகு கண் தெரிந்ததா என்றால், இல்லை. ஆனால் எதிராளிக்கும் தெரியவில்லை. அதில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. அவன் அடுத்த வாரம் அதைவிடப் பெரியது வாங்கினான்.

குளிர்காலம் நடுவுக்கு வருவதற்குள் ஊரில் யாருக்கும் ஒழுங்காக எதுவும் நடக்கவில்லை. சேவல்கள் ஒவ்வொரு சைக்கிளுக்கும் விடிந்துவிட்டது என்று கூவிக் கூவித் தொண்டை கட்டி, உண்மையில் விடியும்போது தூங்கின. ஆந்தைகள் குடும்பத்தோடு அடுத்த மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தன. போவதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், குஞ்சுகளை நடுவில் விட்டுப் பறந்தனவாம். சாலையை ஒட்டி முதலாவதாக இருந்தது எர்காஷலியின் குடில். அங்கே வெள்ளரிக்கொடிகள் வெளிச்சம் வந்த பக்கமெல்லாம் திரும்பித் திரும்பி, காய்கள் அரிவாள் மாதிரி வளைந்து தொங்கின. அதிலும் பாதி கிழக்கே வளைந்தது, பாதி மேற்கே வளைந்தது. பெட்டியில் அடுக்க முடியவில்லை. லாரிக்காரன் ஒரு காயைக் கையில் எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இதைத் தலையில் மாட்டிக்கொள்வதா, தின்பதா என்று கேட்டான்.

எர்காஷலி மட்டும் பழைய டைனமோவையே வைத்திருந்தான். பிடிவாதம் அவனுக்குப் புதிது இல்லை. ஊரெல்லாம் தக்காளிக்கு மாறிய வருஷமும் வெள்ளரியே போட்டவன். சலாம் விஷயத்தில் ஆரம்பத்தில் அவன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். வெள்ளை வெளிச்சத்துக்குப் பின்னால் இருப்பது கிழவரா, பையனா என்று தெரியாது. விளக்கு வாங்கிய கையோடு பலர் சைக்கிளையும் புதிதாக மாற்றிவிட்டதால் முனகலும் இல்லை. ஆகவே எந்த வெளிச்சம் வந்தாலும் முந்திக்கொண்டு, கையை நெஞ்சில் வைத்து, தானே சலாம் சொல்லிவிடுவது. மூத்தவருக்குச் சொல்லாமல் விடுவதைவிட இளையவனுக்குச் சொல்லிவிடுவது மேல் என்பது அவன் கணக்கு.

அந்தக் கணக்கு ஒரு பனிமூட்ட விடியலில் கெட்டது. எதிரே ஒரு வெளிச்சம் மெதுவாக, கனமாக, அசைந்து அசைந்து வந்தது. அந்த நடையைப் பார்த்ததும் பெரிய மனிதர் என்று எர்காஷலிக்குத் தோன்றியது. இறங்கி நின்றான். சலாம் சொன்னான். உடம்பு விசாரித்தான். எதிரே தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம் வந்தது. சரிதான், மாதுமார் அண்ணன், சளி இன்னும் விடவில்லை என்று முடிவு செய்து, வீடு, பிள்ளைகள், மாடு எல்லாவற்றையும் வரிசையாக விசாரித்து, செம்மறிக் கொழுப்பைச் சுடவைத்துத் தேய்த்தால் நெஞ்சுச்சளி இறங்கும் என்று வைத்தியமும் சொன்னான். வெளிச்சம் அவனைக் கடந்து போனபோதுதான் வால் தெரிந்தது. பக்கத்துத் தெருக்காரன் எவனோ கழுதையின் நெற்றியில் விளக்கைக் கட்டித் தானாக வீட்டுக்குப் போகச் சொல்லி அனுப்பியிருந்தான்.

பின்னாலேயே வந்த மாதுமார் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் சாய்க்கானாவில் தேநீர் குடிக்க வந்த அத்தனை பேரும் எர்காஷலியிடம் கழுதையின் பிள்ளைகள் சுகமா என்று கேட்டுவிட்டார்கள். அவன் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தான்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. மொகம் தெரியாத வெளிச்சத்துக்கு இனிமே எங்கிட்ட சலாம் கெடையாது. மனுசனுக்கு உண்டு. கழுதைக்கும் உண்டு, பகல்ல வந்தா. வெளிச்சத்துக்குக் கெடையாது."

இது வீறாப்புப் பேச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் விடியலில் அவனை எதிர்கொண்ட முதல் வெளிச்சம் தாஜிவாய் என்பதுதான் கோளாறு.

தாஜிவாய் விளக்கு விற்றவன் மட்டும் இல்லை. எர்காஷலிக்குச் சம்பந்தியாகப் போகிறவன். எர்காஷலியின் ஒரே மகள் ஸுலைஹாவுக்கும் தாஜிவாயின் மகன் இக்பாலுக்கும் பேசி முடித்து, இரு வீட்டுப் பெரியவர்களும் ரொட்டியைப் பிட்டுப் பங்கு போட்டுக்கொண்டு, நிச்சயத்துக்கு அடையாளமான வெள்ளைத் துணியும் கை மாறியாகிவிட்டது. வாதுமை மரம் பூக்கும்போது கல்யாணம். ஸுலைஹாவுக்கு இது இரண்டாவது ரொட்டி. முதல் ரொட்டியைப் பிட்டுவிட்டு ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். இரண்டாவது ரொட்டியும் வீணானால் மூன்றாவதைப் பிட்க யாரும் வாசல்படி ஏற மாட்டார்கள். பெண் ராசி இல்லாதவள் என்று ஆகிவிடும். தொப்பி தைத்துக்கொண்டு அண்ணி கையில் சோறு வாங்கித் தின்னும் பெண்கள் ஊரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஸுலைஹா அவர்களைத் தாண்டிப் போகும்போது தரையைப் பார்த்துக்கொண்டு போவாள்.

அன்று காலை தாஜிவாய் சம்பந்தியின் மட்கார்டு கடகடப்பதைக் கேட்டு, சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, வரப்போகும் சலாமை வாங்கத் தயாராக நின்றிருக்கிறான். எர்காஷலி வெளிச்சத்தின் ஓரத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கால்வாயில் விழாமல் இருப்பதில் முழுக் கவனத்தையும் வைத்து, ஒரு வார்த்தை பேசாமல் கடந்து போனான்.

சாயங்காலம் மாதுமார் வீட்டுக்கு வந்தார். எர்காஷலியின் மனைவி ஹுர்மத்தாய் துணி விரித்து, ரொட்டியும் வாதுமைக்கொட்டையும் வைத்து, பச்சைத் தேநீரைக் கிண்ணத்தில் கால்வாசி ஊற்றிக் கொடுத்தாள். விருந்தாளிக்குக் கால்வாசிதான் ஊற்ற வேண்டும். அவர் நீட்ட நீட்ட ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாதுமார் மூன்று முறை நீட்டிய பிறகுதான் வந்த காரியத்தைத் தொட்டார்.

"தாஜிவாய் நின்னுட்டே இருந்திருக்கான், தம்பி. நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு. நீ பாட்டுக்குப் போயிருக்க."

"நின்னது யாரு?"

"தாஜிவாய்ன்னுதானே சொல்றேன்."

"நான் பாத்தது வெளிச்சம் அண்ணே. வெளிச்சத்துக்கு நெஞ்சு எங்க இருக்கு, கை எங்க இருக்கு, எனக்கென்ன தெரியும்?"

"கழுதைக்குச் சொன்ன சலாம் சம்பந்திக்குக் கெடையாதான்னு கேக்கறான். அதுக்கு என்ன பதில் சொல்றது?"

எர்காஷலி அதற்குப் பதிலாக ஒரு வாதுமைக்கொட்டையைக் கடித்துப் பார்த்தான்.

தாஜிவாய் சொல்லி அனுப்பியது இது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஊர் முழுவதும் சாய்க்கானாவில் இருக்கும்போது எர்காஷலி வந்து, எழுந்து நின்று, முதலில் சலாம் சொல்ல வேண்டும். இல்லை என்றால் வெள்ளைத் துணி சனிக்கிழமை திரும்பி வரும். தானே மூத்தவன் என்பதையும் அவன் சேர்த்துச் சொல்லி அனுப்பியிருந்தான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இருவரும் ஒரே வசந்தத்தில் பிறந்தவர்கள். எர்காஷலி வாதுமை பூத்தபோது பிறந்தான். தாஜிவாய் பிறந்ததும் வாதுமை பூத்தபோதுதான். ஆனால் தாஜிவாயின் தாய் பிரசவத்துக்குப் போனது மலையடிவாரத்து ஊருக்கு. அங்கே பூ பிந்திப் பூக்கும். எவ்வளவு பிந்தி என்பது அந்த வருஷத்துக் குளிரைப் பொறுத்தது. அந்த வருஷத்துக் குளிரை ஞாபகம் வைத்திருந்த கடைசி ஆள் செத்துப் பல காலம் ஆகிவிட்டது. ஆகவே இருவரும் மூத்தவர்கள்.

"அவன்தான் இளையவன்," என்றான் எர்காஷலி. "மலைப்பூ பின்னாலதான் பூக்கும். அவன் வந்து சொல்லட்டும், நான் பதில் சொல்றேன். விளக்க அணைச்சிட்டு வரணும்."

ஹுர்மத்தாய் அந்த நேரம் பார்த்து மாதுமாரின் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தாள். நிறைந்த கிண்ணத்துக்கு, குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று அர்த்தம். கை தவறி ஊற்றிவிட்டதாகப் பிறகு சொன்னாள். மாதுமார் அதைக் குடித்துவிட்டு, இருமிக்கொண்டு கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் ஹுர்மத்தாய் ஆரம்பித்தாள். ஊர்ப் பெண்கள் என்ன சொல்வார்கள், தன் அண்ணன் மனைவி என்ன சொல்வாள், தைத்து அடுக்கி வைத்திருக்கும் பஞ்சு மெத்தைகளை என்ன செய்வது என்று மாவு பிசைந்து முடிக்கும்வரை சொன்னாள். கடைசியில் மாவைத் தட்டில் அறைந்தாள்.

"ஸுலைஹா அப்பா, ஒத்த வார்த்தை. அதச் சொன்னா நாக்கு தேஞ்சிருமா? ஒங்க மக வாழ்க்கை பெருசா, அந்தாளு விளக்கு பெருசா?"

"விளக்குதான் பெருசு. கண்ணால பாத்தேன்."

"இதுக்கு மட்டும் கொறைச்சல் இல்ல."

"இன்னைக்கு அவன் விளக்குக்குக் குனிஞ்சா, நாளைக்கு இன்னும் பெருசா ஒண்ணு மாட்டிக்கிட்டு வருவான். அதுக்கும் குனியணும். குனியறதுக்கு எடம் வேணாமா? தரை வந்துரும்."

ஹுர்மத்தாய் மாவை மூடி வைத்தாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பாசிப்பயறும் அரிசியும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சியை அவன் முன்னால் வைத்தாள், தயிரை வைக்கவில்லை. எர்காஷலி தயிர் இல்லாமலே இரண்டு கிண்ணம் குடித்தான்.

மறுநாள் குடிலில் கொடி கட்டும் வேலை. மேலே ஓடும் கம்பியிலிருந்து சணல் கயிறு தொங்கும். கொடியின் நுனியை நோகாமல் எடுத்து கயிற்றில் ஒரு சுற்று, இலைக்காம்புக்குக் கீழே ஒரு சுற்று. இழுத்துக் கட்டினால் முறிந்துவிடும், தளர்த்திக் கட்டினால் காய் கனத்ததும் இறங்கிவிடும். குடிலுக்குள் கரிப்புகையும் ஈரமண்ணும் வெள்ளரிப்பூவும் கலந்த வாடை. பாலித்தீனின் உள்பக்கம் வியர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது. ஸுலைஹா ஒரு வரிசையில், எர்காஷலி அடுத்த வரிசையில். வளைந்த காய்களைப் பறித்து அவள் தனியாகக் கூடையில் போட்டாள். பாதி வரிசை முடிந்திருந்தது.

"அப்பா."

"ம்."

"நீங்க போய்ச் சலாம் சொன்னா கல்யாணம் நடக்கும்."

"நடக்கும்."

"எனக்கு இக்பால்தான் வேணும். அத மறைக்கல."

எர்காஷலி கயிற்றைப் பிடித்தபடி நின்றான். மகள் இப்படி வாய்விட்டுச் சொல்லி அவன் கேட்டதில்லை. வளைந்த காய் ஒன்றைப் பறித்து அதன் முள்ளை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை போய்விடலாம், ஒரு வார்த்தைதானே என்று அவன் மனதில் ஓடியது. அதை அவன் சொல்லியே இருப்பான்.

"ஆனா நீங்க போகாதீங்க," என்றாள் அவள். "அந்த வீட்டுக்குப் போனதும் விடிய எந்திரிச்சு முக்காடு போட்டுக்கிட்டு எல்லாருக்கும் குனிஞ்சு சலாம் வைக்கணும். மாமனாருக்கு, மாமியாருக்கு, கொழுந்தனுக்கு. அது மொறை, வைப்பேன். நீங்க இப்ப விளக்குக்கு வச்சிட்டா, நான் போனதும் அவங்க விளக்குக்கும் சேத்து வைக்கச் சொல்லுவாங்க. மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் இருக்காது. எங்கப்பாவே வச்சாச்சே."

"அப்ப கல்யாணம்?"

"மாமனாரு மொதல்ல சொல்லட்டும்."

"அவனாவது, சொல்றதாவது."

"இக்பால் கடையில வச்சு அவருகிட்ட, விளக்கக் கொஞ்சம் தரையப் பாத்துச் சாய்ச்சு மாட்டுங்கன்னு சொல்லியிருக்காரு. அதுக்கு அவரு, சாய்ச்சு மாட்டறதுக்கு நான் என்ன எறும்புக்கா வெளிச்சம் காட்டறேன்னு கேட்டாராம். ஒங்களுக்குத் தெரியுமா அப்பா, அவரு இதுவரைக்கும் அவரோட விளக்க எதிர நின்னு பாத்ததே இல்ல. பின்னாலயே ஒக்காந்திருக்காரு."

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராகச் சீர்ப்பெட்டியைத் திறந்தாள். மெத்தைகளுக்கு நடுவில் துணி சுற்றிக் கிடந்தது கல்யாணக் கண்ணாடி. மார்கிலான் சந்தையில் வாங்கியது, சுற்றிலும் செதுக்கு வேலை செய்த மரச்சட்டம், ஒரு ஆள் மார்பளவு. கல்யாணத்தன்று பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒரே துணிக்குள் உட்காரவைத்து அதைக் காட்டுவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் முதலில் அதில்தான் பார்க்க வேண்டும். ஹுர்மத்தாய் ஓடிவந்து சட்டத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் கண்ணாடி வாசலைத் தாண்டக்கூடாது, கேட்பவர்கள் சிரிப்பார்கள், உடைந்தால் குடும்பமே போச்சு என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

"அம்மா, இதுல மொதல்ல மாப்பிள்ள மொகம் தெரியணும்னுதானே சொல்லுவாங்க. மாப்பிள்ளையோட அப்பா மொகம் தெரியக்கூடாதுன்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

ஹுர்மத்தாய் யோசித்தாள். அப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்ததில் பிடி தளர்ந்துவிட்டது.

கொடி கட்டும் சணலாலேயே ஸுலைஹா கண்ணாடியை ஹேண்டில்பாரில் கட்டினாள். நோகாமல் ஒரு சுற்று, சட்டத்துக்குக் கீழே ஒரு சுற்று. சைக்கிளின் முன்பக்கம் நிறைமாதக்காரி மாதிரி ஆகிவிட்டது. ஏறி உட்கார்ந்த எர்காஷலிக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. இடது பக்கம் எட்டிப் பார்த்தால் கால்வாய் தெரிந்தது, வலது பக்கம் எட்டிப் பார்த்தால் மரம் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது சாலை என்று நம்பி ஓட்ட வேண்டியதுதான். மார்பை நிமிர்த்திக்கொண்டு, டைனமோவைக் கழற்றி வைத்துவிட்டு, வியாழக்கிழமை விடியலில் கிளம்பினான்.

குடில் வாசலில் காய் ஏற்ற லாரி வந்து நின்றிருந்தது. சுமை ஏற்றுகிறவர்கள் இருந்தார்கள். பால் கொண்டுபோகும் பெண்கள் மரத்தடியில் ஒதுங்கி நின்றார்கள். மாதுமார் இருமலோடு சற்றுத் தள்ளி வந்துகொண்டிருந்தார். கிழக்கே இன்னும் சாம்பல் நிறம் வரவில்லை.

தாஜிவாய் அன்று கடையிலிருந்ததிலேயே பெரிய விளக்கை மாட்டியிருந்தான். வளைவு திரும்பியதும் அவனுக்கு எதிரே, வாழ்நாளில் பார்த்திராத ஒரு வெளிச்சம் வந்தது. கண்ணை அறைந்தது. கையால் மறைத்துக்கொண்டு, கீழே இறக்குய்யா என்று சத்தம் போட்டான். வெளிச்சம் இறங்கவில்லை. அவன் ஹேண்டில்பாரை ஆட்டினான், அதுவும் ஆடியது. அவன் நின்றான், அதுவும் நின்றது. சாலையில் தன்னைவிடப் பெரிய விளக்கு வைத்திருப்பவன் யார் என்று தாஜிவாய் யோசித்தான். தன் கடையில் வாங்கியிருந்தால் தெரிந்திருக்கும். அப்படியானால் வெளியூர். இவ்வளவு பெரிய விளக்கோடு, சத்தம் போட்டும் அசையாமல், சாலை நடுவில் நிற்கிறவர் என்றால் மாவட்ட அதிகாரியைத் தவிர வேறு யார்?

அந்தக் கொஞ்ச நேரத்தில் அங்கே நடந்ததற்குச் சாட்சி உண்டு. விளக்கிலிருந்து கண்ணாடிக்கும் கண்ணாடியிலிருந்து விளக்குக்கும் போய்வந்துகொண்டிருந்த வெளிச்சம் வெளியே போக வழி இல்லாமல் நடுவிலேயே கெட்டிப்பட ஆரம்பித்தது. கால்வாய் ஓரத்துப் பனி உருகியது. மண்ணுக்குள் குளிர்கால உறக்கத்தில் இருந்த தவளை ஒன்று வெளியே வந்து, ஒரு முறை கத்திவிட்டு, ஏமாந்துபோய்த் திரும்பவும் உள்ளே போனது. பால்காரப் பெண் ஒருத்தி அந்த வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோத்தாள்.

தாஜிவாய் சைக்கிளிலிருந்து இறங்கினான். தொப்பியைச் சரி செய்தான். கையை நெஞ்சில் வைத்து, குனிந்து, சத்தமாகச் சலாம் சொன்னான். உடம்பு விசாரித்தான். வீட்டை விசாரித்தான். பிள்ளைகள் எல்லாம் சௌக்கியம்தானே என்று கேட்டான்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"வ அலைக்கும் அஸ்ஸலாம், தம்பி. நல்லா இருப்பா. மாட்ட விசாரிக்க மறந்துட்டியே."

லாரிக்காரன் முதலில் சிரித்தான். அப்புறம் பால்காரப் பெண்கள் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டார்கள். தாஜிவாய் நெஞ்சிலிருந்த கையை எடுக்க மறந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு கண்ணாடிக்குள் இருக்கும் ஆளைப் பார்த்தான், பிறகு சட்டத்துக்கு மேலே எட்டிப் பார்க்கும் சம்பந்தியைப் பார்த்தான்.

"இது செல்லாது," என்றான். "நான் கண்ணாடிக்குச் சொன்னேன். அதுல இருந்தது என் வெளிச்சம். மொகம் தெரியாம சொன்ன சலாம் சலாமே இல்ல."

"இல்லதான்."

"ஊருக்கு முன்னால இத வச்சுக்கிட்டு நீ ஒண்ணும் பேச முடியாது."

"நான் எதுக்குப் பேசறேன்? நீயே பேசிட்ட. மொகம் தெரியாம சொன்னது சலாம் இல்லன்னா, மொகம் தெரியாம சொல்லாம விட்டது மட்டும் எப்படி அவமானம்? எது வேணும்னு எடுத்துக்கோ. சலாம் செல்லும்னா நீ சொல்லிட்ட, நீதான் இளையவன். செல்லாதுன்னா என்மேல குத்தம் இல்ல, நாளைக்கு நான் சாய்க்கானாவுல தேத்தண்ணி குடிக்கத்தான் வருவேன்."

தாஜிவாய் இரண்டையும் மனதில் தூக்கிப் பார்த்தான். இரண்டும் ஒரே கனமாக இருந்தது. அவன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி விளக்கின் மேல் கவிழ்த்தான். சாலை பழைய இருட்டுக்குத் திரும்பியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே சாம்பல் நிறம் ஏறி, முதலில் மரங்களும் பிறகு மனிதர்களும் தெரிந்தார்கள். தாஜிவாயின் கண்கள் கலங்கி நீர் வடிந்துகொண்டிருந்தன. அது வெளிச்சத்தால் என்று அவனே சொன்னான். முதல்முறையாக அதை எதிரே நின்று வாங்கியிருந்தான்.

"இப்ப மொகம் தெரியுதா?" என்றான் தாஜிவாய்.

"தெரியுது."

"அப்ப சொல்லு."

"நீ சொல்லு. மலைப்பூ பின்னாலதான் பூக்கும்."

இருவரும் நின்றார்கள். அவன் சொல்லவில்லை, இவனும் சொல்லவில்லை. லாரிக்காரன் ஹாரன் அடித்துப் பார்த்தான். அவர்களைத் தாண்டி வண்டி போக வழி இல்லை. பால் பாத்திரங்களில் ஆடை படிந்தது. குடிலில் அடுப்புக்குக் கரி போட வேண்டிய நேரம் கடந்துகொண்டிருந்தது. அது எர்காஷலிக்குத் தெரியும், அவன் நகரவில்லை. மகளுக்காக அவன் நின்ற நிற்புக்குக் கால்வாய்த் தண்ணீர்கூடச் சுற்றிப் போயிற்று.

மாதுமார்தான் கடைசியில் நடுவில் வந்தார். இருவருக்கும் அவர் ரொம்பவும் மூத்தவர். அவருக்கு எல்லோரும் சொல்வார்கள், அவர் யாருக்கும் முதலில் சொன்னதில்லை. இருமி முடித்துவிட்டு, கையை நெஞ்சில் வைத்தார்.

"ஒங்களுக்கு வாய் வராது. நானே சொல்லித் தொலைக்கிறேன். அஸ்ஸலாமு அலைக்கும், தம்பிகளா."

மூத்தவர் முதலில் சொல்லிவிட்டால் கேட்டவன் பதில் சொல்லாமல் ஒரு மூச்சு விடுவதுகூட வெட்கம். இருவர் வாயிலிருந்தும் ஒரே நொடியில் பதில் வந்தது. அது பதில்தான், சலாம் இல்லை என்பதால் யாரும் முதலில் சொன்னதாக ஆகவில்லை. ஆனால் வாய் திறந்துவிட்டதே. திறந்த வாயை மூடத் தெரியாமல் தாஜிவாய், ஸுலைஹா எப்படி இருக்கா என்று கேட்டான். கொடி கட்டிட்டு இருக்கா, நல்லாத்தான் இருக்கா, இக்பாலை வரச் சொல்லு, காய் வளைஞ்சு கெடக்கறத அவனும் பாக்கட்டும் என்றான் எர்காஷலி. லாரி போக இருவரும் ஒரே பக்கமாக ஒதுங்கினார்கள்.

வெள்ளைத் துணி திரும்பி வரவில்லை. அந்த வசந்தத்தில் கல்யாணம் நடந்தது. பலாவ் அண்டா இரண்டு முறை காலியானது. ஸுலைஹா புகுந்த வீட்டில் முறைப்படி எல்லோருக்கும் குனிந்து சலாம் வைத்தாள். வாசலில் மாமனாரின் சைக்கிள் நின்ற இடத்தைத் தாண்டும்போது மட்டும் முதுகை நேராக நிமிர்த்திக்கொண்டு போனாள். தாஜிவாய் அதைப் பார்த்தான். விளக்கைக் கொஞ்சம் சாய்த்து மாட்டிக்கொண்டான். எறும்புகள் அன்றிலிருந்து அவன் வீட்டுப் பக்கம் அதிகமாக நடமாடின.

கால்வாய்க்கரையில் இப்போது ஒரு புது முறை நடைமுறையில் இருக்கிறது. எதிரே ஆள் வந்தால் முதலில் ஒரு கையால் விளக்கைப் பொத்த வேண்டும், முகம் தெரிந்ததும் மறு கையை நெஞ்சில் வைத்துச் சலாம் சொல்ல வேண்டும். ஒரு கை விளக்கில், ஒரு கை நெஞ்சில், ஹேண்டில்பாரைப் பிடிக்கக் கை மிச்சம் இல்லை என்பதால் அவ்வப்போது யாராவது கால்வாயில் இறங்குவது உண்டு. தண்ணீருக்குள் இருந்தபடியே மாட்டை விசாரிப்பார்கள். பொத்தாத விளக்குக்கு எர்காஷலி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை, அது மாவட்ட அதிகாரியுடையதாகவே இருந்தாலும்.

ரொட்டி ஆறிவிட்டது, அதன் மேலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொல்கிறேன்: எர்காஷலிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.